குளிர் அறையில் பழகிய பாட்டு

இது நடந்து நாலைந்து வருடங்கள் இருக்கும். ஒஸ்லோ நகரின் நடுவே ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கன்ரீனில் நான் சமையல் வேலை செய்கிறேன். அப்போதும் அங்கேதான், இப்போதும் அங்கேதான். சூடான சாப்பாடு என் பொறுப்பு. எனக்கு எதிர் மேசையில் நின்று சலாட், மீன், பாண் ரொட்டி வகைகளைத் தயார் செய்தவர் ஒரு ஜப்பானியர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நோர்வேக்காரப் பெண்ணைக் கட்டி, முப்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவர். ஹவுகெட்டோவிலிருந்து ரயிலில் வருவார். நான் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வருவேன். காலையில் உடை மாற்றும் அறையில் சந்தித்து, மாலையில் அதே அறையில் பிரிவோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் கதைப்போம். அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனால் என் மனதுக்குள் அவர் எப்போதும் 'நீங்கள்'தான். அதனால் அவர் சொன்னதை எல்லாம் எங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் எனக்கு நினைவில் இருக்கிறது.

ஒரு நவம்பர் மாதம், எங்கள் மேலாளர் அம்மா சமையலறைக்குள் வந்து அந்த வருடத்துக் கிறிஸ்மஸ் விருந்து எங்கே என்று அறிவித்தார். சாப்பாடு முடிந்ததும் கரோக்கே. ஒருவரும் தப்ப முடியாது, இரண்டு இரண்டு பேராக மேடை ஏறிப் பாட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் உடனே எந்தக் காய்ச்சலைச் சாட்டி அன்று வீட்டில் நிற்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

எனக்குப் பாட்டு என்றால் அவ்வளவு பயம். சிறு வயதில் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில், பாட்டு வாத்தியார் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் வாயை மட்டும் அசைக்கிறவன் ஆகிவிட்டேன். இங்கே கோயிலில் யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கோ என்று கேட்டால் செருப்பு வைக்கும் இடத்துக்கு நழுவிவிடுவேன். என் பிள்ளைகள் இருவருக்கும் நான் ஒரு தாலாட்டுக்கூடப் பாடியதில்லை. எல்லாம் மனைவியின் குரல்தான். நான் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன், அவள் பாடுவாள்.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது ஜப்பானியர் என் பக்கத்தில் வந்தார்.

"விருந்துக்கு வரமாட்டீங்கள் போலை."

"எப்பிடித் தெரியும்?"

"முகத்திலை தெரியுது. எனக்கும் இளம் வயசிலை அப்பிடித்தான் இருந்தது."

அவர் சொன்ன கதை இது. ஜப்பானில் அவர் முதலில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாராம். அங்கே வேலை முடிந்து எல்லோரும் சேர்ந்து குடிக்கப் போனால் கரோக்கேயில்தான் முடியும். மைக் சுற்றி வரும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. குரல் இல்லாத ஆண்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கென்றே சில பாட்டுகள் இருக்கின்றன. கடை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு மாதிரியான பாட்டுகள். ஆனால் மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. கதைக்கிற மாதிரியே போகும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஆறுதலாக மூச்சு எடுக்கலாம். ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒன்றைப் பழகி வைத்துக்கொண்டால் ஆயுள் முழுக்கப் போதும்.

"நான் உங்களுக்கு ஒண்டு சொல்லித் தாறன். ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவம்" என்றார்.

"எனக்கு உங்கட பாஷை தெரியாதே."

"அதுதான் நல்லது. பிழை விட்டால் என்னைத் தவிர ஒருத்தருக்கும் விளங்காது."

அப்படித்தான் ஆரம்பித்தது. சமையலறையில் பாட எனக்கு வெட்கம். அதனால் சாமான் வைக்கும் குளிர் அறைக்குள் போனோம். உள்ளே குளிரூட்டியின் காற்றாடி எந்நேரமும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். வெளியே யாருக்கும் கேட்காது. மீன் பெட்டிகளுக்கும் பால் தட்டுகளுக்கும் நடுவே, இரண்டு பேரும் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வாயிலிருந்து புகை வரப் பாடினோம்.

ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. அந்தச் சொற்கள் என் நாக்கில் லேசாக உட்கார்ந்தன. அநேகமாக ஒவ்வொரு எழுத்தும் உயிரோசையில்தான் முடிகிறது. நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் க்க, த்த, ப்ப என்று அழுத்தம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் 'யுக்குரி'. மெதுவாக, ஆறுதலாக என்று அர்த்தம். தூரத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற ஒருவனைப் பார்த்து, அவசரப்படாதே, ஆறுதலாக வா, விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்கிற பாட்டாம். நான் முதல் தடவை 'யுக்குரி' என்று சொன்னதும் அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"முப்பது வருஷத்திலை இந்த ஊரிலை ஒருத்தரும் இதை ஒழுங்காச் சொன்னதில்லை" என்றார்.

என் குரலைப் பற்றி அவர் நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரோக்கே மெஷினில் சுருதியைக் குறைக்க ஒரு பட்டன் இருக்கிறது, அதை இரண்டு மூன்று தடவை அமத்தினால் குற்றமில்லை என்றார். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிக்க வேண்டும், தூரப் பிடித்தால்தான் பயந்த குரல் வெளியே தெரியும் என்றார். சனத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கச் சொன்னார்.

விருந்தன்று மேடை ஏறித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வரியில் எனக்குச் சத்தமே வரவில்லை. பக்கத்தில் அவர் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டு, என் முதுகில் கையை வைத்து மெதுவாகத் தாளம் தட்டினார். இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டேன். கடைசியில் அந்த 'யுக்குரி' வந்தபோது, பாத்திரம் கழுவுகிற பெடியனிலிருந்து மேலாளர் அம்மாவரை எல்லோரும் தப்புத் தப்பாகக் கூடவே பாடினார்கள். இறங்கி வந்து ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வீட்டில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது மனைவி வந்து குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப நீங்களே பாடினது?"

"ஏன், கூடாதோ?"

"கூடாதெண்டு ஆர் சொன்னது. பாடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை குறைந்த நாட்களில் அவரும் நானும் குளிர் அறைக்குள் போய்ப் பாடுவோம். அந்தச் சில நிமிடங்களுக்காகவே வேலைக்குப் போகலாம் போல இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. அவர் வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ஏதோ என்னிடம் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். நோர்வேஜியமும் இல்லை, ஜப்பானியமும் இல்லை, ஏதோ குழம்பிய சத்தம். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தபடி நிமிர்ந்தேன். வாயின் வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. கத்தி கையிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது. நான் மேசையைச் சுற்றி ஓடிப்போய் அவரைப் பிடித்து நிலத்தில் இருத்தினேன். மேலாளர் அம்மா அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். அது வரும்வரை அவர் என் சட்டையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல ஏதோ இருந்தது. சொல் இல்லை.

உயிர் தப்பிவிட்டது. ஆனால் மூளையில் அடைப்பு ஏற்பட்டதில் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'நை' என்ற ஒரே சொல்தான் வரும். நோர்வேஜியத்தில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் நை, நோகிறதா என்றாலும் நை. தான் நினைத்த சொல் அது இல்லை என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடிக்கொள்வார்.

சில வாரங்களில் அவரை நகருக்கு வெளியே, இப்படிப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் ஒரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமைகளில் பஸ் எடுத்துப் போய்ப் பார்ப்பேன். அங்கேதான் அவருடைய மனைவியை முதன்முதலாகச் சந்தித்தேன். உயரமான, நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய, அமைதியான பெண். ஒரு நாள் நான் போனபோது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இளம் பெண்ணும் அறையில் இருந்தார். அவருக்குப் பழக்கமான பாட்டு ஏதாவது உண்டா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்குமாம். நிச்சயம் சொல்ல முடியாது, ஆனால் முயன்று பார்க்கலாம் என்றார்.

"இவருக்குப் பாட்டு வராது. கலியாணம் கட்டி இத்தனை வருஷத்திலை வீட்டிலை ஒரு நாளும் பாடினதில்லை. பிறந்தநாளுக்குக் கூட வாயை மட்டும்தான் அசைப்பார்" என்றார் மனைவி.

என்னைப் பற்றி யாரோ சொல்வதுபோல இருந்தது.

"அவர் பாடுவார்" என்றேன் நான்.

அவருடைய மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. குளிர் அறைக் கதையைச் சொன்னேன். கட்டிலில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா உடனே கைப்பேசியில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். மேளதாளத்தோடு, எங்களுடையதைவிட மேல் சுருதியில், வேகமாகப் போயிற்று. கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு அசையவில்லை.

பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் சொன்னார்: "உங்கட குரலோடைதான் அவர் பழகியிருக்கிறார். முன்னுக்கு இருந்து, வாய் தெரியக்கூடியதா, மெதுவா நீங்கள் பாடினால் நல்லது."

பட்டப் பகல். வெள்ளைச் சுவர். காற்றாடி இரைச்சல் இல்லை, திரை இல்லை, பக்கத்தில் முதுகு தட்ட ஆள் இல்லை. கோட்டைக் கையில் எடுத்தேன். அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன்.

"என்னாலை ஏலாது. அவை எல்லாரும் பாத்துக்கொண்டு இருப்பினம். நீர் நினைக்கிற மாதிரி லேசில்லை."

அவள் மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கீழே வைத்தாள்.

"அந்தாள் உங்களுக்குச் சொல்லித் தரேக்கை, உங்கட குரல் நல்லமோ எண்டு கேட்டுப்போட்டே சொல்லித் தந்தது?"

"இல்லை."

"பிறகென்ன. நானும் வாறன்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். மனைவி உறைப்பான கட்டிச் சம்பல் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்தாள், அவருக்குச் சாப்பிடக் கொடுக்கலாமோ தெரியாது என்று சொல்லிக்கொண்டே. நான் கட்டிலுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் மனைவியும் அவருடைய மனைவியும் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் கதவோரம் நின்றார்கள். தொடங்கினேன். சுருதி மேலே போய்க் குரல் உடைந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பவும் கீழே எடுத்துத் தொடங்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். ஒரு மனிதனுக்கு இழந்ததை எல்லாம் முன்னால் கொண்டுவந்து காட்டுகிறேனோ என்று பயமாக இருந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் கையால் சைகை செய்தார், தொடருங்கள் என்று. தொடர்ந்தேன். கடைசிப் பகுதியில் போர்வைக்கு மேலே கிடந்த அவருடைய இடது கை விரல்கள் அசைந்தன. முதலில் நடுக்கம் என்று நினைத்தேன். இல்லை, தாளம். என் முதுகில் தட்டிய அதே தாளம்.

அன்று அவ்வளவுதான். அடுத்த கிழமை தொண்டைக்குள் ஒரு முனகல் வந்தது. பிறகு ஒரு கிழமை உதடு அசைந்தது, சத்தமில்லாமல். ஒரு கிழமை ஒன்றுமே வரவில்லை; மனம் தளர்ந்து திரும்பினோம். வேறு நாட்களில் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் என்னிடம் மெட்டைக் கேட்டுப் பழகி, அவரோடு முனகிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மே மாதம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இலை விட்டிருந்தன. என் மனைவியும் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் பக்கத்தில் இருந்தார்கள். நான் பாடிக்கொண்டு போகிறேன், 'யுக்குரி' என்ற இடம் வருகிறது, எனக்கு முன்னாலிருந்து இன்னொரு குரல் அதைச் சொல்கிறது. கரகரத்த, தாழ்ந்த குரல். முழுச் சொல். மெட்டோடு. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் போய்விடுமோ என்ற பயம். அடுத்த வரியில் பாதியையும் அவர் பாடினார்.

வாசலில் அவருடைய மனைவி அப்போதுதான் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். பாட்டு முடிந்ததும் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு இப்பிடி ஒரு குரல் இருந்ததா?" என்றார் கணவரிடம். "ஏன் எனக்குக் காட்டேல்லை?"

அவர் இடது கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அன்றும் கொண்டுவந்திருந்த சம்பல் போத்தலின் மூடியைத் தேவையில்லாமல் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரம் கழித்து அந்த அம்மா தன் கதிரையை எனக்குப் பக்கத்தில் நகர்த்தினார். "எனக்கும் சொல்லித் தாங்கோ. வீட்டுக்கு வந்தால் நான்தானே கூடப் பாட வேணும்" என்றார். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவருக்கு மெட்டு நன்றாகப் பிடிபட்டது, நல்ல குரலும் இருந்தது. ஆனால் அந்த அழுத்தம் வரவில்லை. 'யுகுரி' என்றார். நான் திருத்தினேன். 'யூகுரி' என்றார். நான் திரும்பவும் சொன்னேன். 'யுகூரி' என்றார்.

"நை" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினோம். அவர் நெற்றியைச் சுருக்கி, வேலையில் யாராவது மீனைத் தடிப்பாக வெட்டினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நை. யுக்... குரி."

பாட்டில் இல்லை. மெட்டில்லாமல், சாதாரணமாக, ஒரு மனிதன் மனைவியைத் திருத்துகிற மாதிரிச் சொன்னார். அவ்வளவு நாளும் எதற்கெடுத்தாலும் தானாக வந்து விழுந்த அந்த 'நை' அன்றைக்குத்தான் சரியான இடத்தில், சரியான அர்த்தத்தில் வந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், பிறகு வேண்டுமென்றே இன்னொரு தடவை பிழையாகச் சொன்னார். அவர் இன்னொரு தடவை திருத்தினார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அவர் வேலைக்குத் திரும்பவில்லை. வலது கை இன்றைக்கும் மடியில்தான் கிடக்கிறது. சின்னச் சின்ன வசனம் கதைப்பார், நடுவே சொல் தொலைந்துபோகும், நாங்கள் காத்திருப்போம். காலையில் எழும்பிக் கோப்பி போடும்போது இருவரும் சேர்ந்து பாடுவார்களாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அந்தப் பாட்டு இப்போது பாடமாம்.

போன மாதம் இருவரும் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். இடியப்பத்தை இடது கையால் பிய்த்துச் சொதியில் தோய்த்து ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் என்னைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்:

"உங்கட... பாஷையிலை... லேசான பாட்டு... இருக்கோ?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் மேலே ஏறிக் கீழே இறங்கி வளைந்து வளைந்து போகிறவை. அன்று பின்னேரம் முழுக்க நால்வரும் சோபாவில் இருந்து ஒவ்வொரு பாட்டாகத் தேடினோம். ஒவ்வொன்றையும் நான் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. இது உயரம் என்று அவர் கை காட்டுவார், இன்னொன்றை எடுப்பேன். மூத்த மகள் வேலையால் வந்து கதவைத் திறந்தவள், அப்பா பாடுவதைக் கேட்டுச் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றுவிட்டாள். அவளுக்கு இருபத்தேழு வயது. என் குரலில் ஒரு தமிழ்ப் பாட்டை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கேட்டிருக்கிறாள்.

என் குரல் அன்று இருந்ததுபோலத்தான் இன்றைக்கும் இருக்கிறது. அது நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு காலமும் அதை எனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததில் எத்தனை பேருக்குச் சேர வேண்டியது சேராமல் போயிருக்குமோ என்று இப்போதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன், நினைக்கும்போதெல்லாம் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே பாடுகிறேன்.